பச்சையைக் கடைசியாக எடுங்கள்: செட்டிநாட்டு வெளியைப் பேஸ்டலில் வரையத் தொடங்குவோருக்கு

பேஸ்டல் என்னும் வண்ணக்குச்சிப் பெட்டியும் பரீட்சை அட்டையுமாக நான் முதன்முதலில் கண்மாய்க் கரையில் போய் உட்கார்ந்தது ஒரு பங்குனி மாதத்தில். குன்றக்குடி ரோட்டை விட்டுச் சற்று உள்ளே தள்ளி ஓர் இடம். ஒரு மணி நேரம் வேர்க்க விறுவிறுக்க வரைந்தேன். ஆடு ஓட்டிக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர் பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். "ஏந் தம்பி, கம்மாயில முழங்காலளவு சேத்துத் தண்ணிதான் கெடக்கு. நீங்க கடலையில்ல ஊத்தி வச்சிருக்கீக?" என்றார்.

அவர் சொன்னது சரி. எதிரே கிடந்த தண்ணீர் பால் தூக்கலான டீ நிறத்தில் இருந்தது. நான் அதற்கு நல்ல நீலம் தீட்டி, கரையில் கிளிப்பச்சையில் நாலு மரம் நட்டிருந்தேன். தண்ணீர் என்றால் நீலம், மரம் என்றால் பச்சை என்று பள்ளிக்கூடத்தில் கை பழகிவிட்டது. கண் பார்ப்பதற்குள் கை குச்சியை எடுத்துவிடுகிறது.

நம் பக்கத்து வெளி கேரளத்து வயல் மாதிரி இல்லை. செம்மண், பொட்டல், கருவேலங்காடு, தூரத்தில் ஒற்றைக் குன்று, நடுவில் ஒரு ஊருணியோ கண்மாயோ. இதை வரைய எனக்குத் தெரிந்த சுலபமான வழி, மண்ணின் நிறத்திலிருந்து தொடங்கி, இருட்டையும் வெளிச்சத்தையும் முதலில் பிரித்து வைத்துவிட்டுப் பச்சைக்குக் கடைசியில் வருவது. அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

எந்தப் பேஸ்டல் வாங்குவது

கடையில் போய்ப் பேஸ்டல் என்று கேட்டால் பெரும்பாலும் ஆயில் பேஸ்டலைத்தான் எடுத்து வைப்பார்கள். பிள்ளைகள் ஓவியப் போட்டிக்குக் கொண்டுபோகும் அதே பெட்டி. மெழுகும் எண்ணெயும் சேர்ந்த அந்தக் குச்சியை 1925ல் ஜப்பானின் சகுரா நிறுவனம் பள்ளிப் பிள்ளைகளுக்காகக் கொண்டுவந்தது. அதிலும் நல்ல படம் போடலாம். ஆனால் நம் ஊர் வெயிலில் கையில் பிசுபிசுக்கும். ஒரு நிறத்தின் மேல் இன்னொரு நிறத்தை மெல்லத் தூவவும் முடியாது.

நான் சொல்லப்போவது சாஃப்ட் பேஸ்டல். நிறப்பொடி, அதோடு கொஞ்சம் சுண்ணப்பொடி, உதிராமல் பிடித்துவைக்கச் சிறிது பிசின், அவ்வளவுதான் சரக்கு. எண்ணெய் இல்லாததால் எண்ணெய் ஓவியம் போல நாள்பட மஞ்சளிக்காது, வெடிக்காது. 18ஆம் நூற்றாண்டில் வெனிஸ் நகரத்து ரொசால்பா கரியேரா இந்தக் குச்சியில் தீட்டிய முகங்கள் இன்றும் மூச்சு விடுவது போலத்தான் இருக்கின்றன. பாரிஸில் ஓவியர் தெகா தன் நடனப் பெண்களில் பலரைத் தீட்டியதும் இதே பொடிக் குச்சியில்தான்.

நமக்கு இதில் இன்னொரு நெருக்கமும் உண்டு. செம்மண் சிவப்பாக இருப்பது அதிலுள்ள இரும்பால். கோயில் மதிலில் வெள்ளைக்கு இடையே அடிக்கும் காவிக்கும் அதுதான் காரணம். ஆத்தங்குடிப் பட்டறையில் கண்ணாடிமேல் ஊற்றும் சிவப்பு ஆக்சைடு, மஞ்சள் ஆக்சைடு இரண்டும் இரும்பு நிறங்களே. பேஸ்டல் பெட்டியிலுள்ள காவி, மஞ்சள் காவி, அடர் பழுப்புக் குச்சிகளிலும் அதே இரும்புதான். மண்ணை வரைய மண்ணையே கையில் எடுக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் பெட்டிக்கு அரைக் குச்சிகளாக வரும் 48 அல்லது 64 நிறச் செட் போதும். முழுக் குச்சியில் 24 நிறம் வாங்குவதைவிட அரைக் குச்சியில் 64 நிறம் மேல். பேஸ்டலில் தட்டில் வைத்துக் கலக்கும் வேலை கிடையாது, நிறம் குச்சியாகக் கையில் இருக்க வேண்டும். பெட்டியைத் திறந்தால் ரோஸ், கிளிப்பச்சை, மயில்நீலம் என்று பளபளக்கும். அவற்றைப் பார்த்து மயங்க வேண்டாம். காவி, மஞ்சள் காவி, சாம்பல் ஊதா, சாம்பல் நீலம், அடர் பழுப்பு, அழுக்குப் பச்சை, சந்தன நிறம், மோர் நிறம் எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். இவை இல்லாத செட்டை வாங்காதீர்கள். நிலக்காட்சிக்கென்றே தனிச் செட் கிடைத்தால் இன்னும் நல்லது.

வாங்கி வந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, குச்சிகளின் காகிதச் சட்டையைக் கழற்றி, நீளமாக இருப்பவற்றை இரண்டாக உடைப்பது. புதுப் பெட்டியை உடைக்க யாருக்கும் மனசு வராது. எனக்கும் வரவில்லை, ஒரு மாதம் அழகு பார்த்தேன். முழுக் குச்சியைப் பென்சில் மாதிரி பிடித்துக் கோடு கோடாகக் கீறினால் அது பேஸ்டல் ஓவியம் ஆகாது. உடைந்த துண்டைப் படுக்கப் போட்டு, அதன் பக்கவாட்டால் இழுக்க வேண்டும். வானம், மண், தண்ணீர் எல்லாம் பக்கவாட்டு இழுப்பு. விளிம்பையும் முனையையும் கடைசி ஐந்து நிமிடத்துக்கு வைத்திருங்கள்.

தாள்தான் பாதிப் படம்

வழுவழுப்பான சார்ட் பேப்பரில் பேஸ்டல் ஒட்டாது. இரண்டாவது பூச்சிலேயே சறுக்கத் தொடங்கும். தாளுக்குப் பல் வேண்டும் என்பார்கள். அம்மியைக் கொத்துவது எதற்கு? கொத்தாத அம்மியில் மிளகாய் வழுக்கிக்கொண்டு போகும். அதே கதைதான் இங்கும்.

கடையில் வாங்குவதென்றால் பேஸ்டலுக்கென்றே நிறமேற்றி வரும் தாள்கள் உண்டு. கான்சன் மி-தாந்த் என்ற 160 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) தாள் பலரும் பயன்படுத்துவது. ஒரு பக்கம் தேன்கூடு மாதிரி குழி குழியாகவும் மறுபக்கம் கொஞ்சம் சன்னமாகவும் இருக்கும். சன்னமான பக்கத்தில் வரையுங்கள். குழிப் பக்கத்தில் வரைந்தால் வானம் முழுக்கக் கொசுவலை போட்டது போல் ஆகிவிடும்.

கைச்செலவு குறைய வேண்டுமானால் 300 ஜிஎஸ்எம் வாட்டர்கலர் தாளை வாங்கி நாமே தயார் செய்யலாம். ஓவியக் கடையில் கிடைக்கும் ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சில் சன்னமான மார்பிள் பொடியோ பியூமிஸ் என்ற நுரைக்கல் பொடியோ கலந்து, கொஞ்சம் தண்ணீர் விட்டு, காவி நிற அக்ரிலிக் சேர்த்துப் பட்டை பிரஷ்ஷால் ஒரு பூச்சு. காய்ந்ததும் குறுக்கே இன்னொரு பூச்சு. சித்திரை வெயிலில் அரை மணி நேரத்தில் காய்ந்துவிடும். பிரஷ் தடம் தெரிந்தால் பரவாயில்லை, பின்னால் அதுவே புல்லாகவும் கட்டாந்தரையாகவும் உதவும். வெறும் பயிற்சிக்கு ஹார்டுவேர் கடை உப்புத்தாள் கூடப் போதும். 400ஆம் நம்பருக்கு மேல் சன்னமானதாக வாங்குங்கள். ஆனால் அது குச்சியையும் தின்னும், விரல் தோலையும் தின்னும். அதில் விரலால் தேய்க்கவே தேய்க்காதீர்கள்.

தாள் என்ன நிறம்? வெள்ளை வேண்டாம். வெள்ளைத் தாளில் ஒவ்வொரு இடைவெளியும் பல்லிளிக்கும், அதை மூடவே பாதிக் குச்சி கரைந்துவிடும். செம்மண் நிறத் தாளில் தொடங்கினால் மண் ஏற்கெனவே போட்டாயிற்று. மரத்தின் பச்சைக்கு இடையே தெரியும் சிவப்பு அந்தப் பச்சையை உயிரோடு வைத்திருக்கும். வெற்றிலைக்குப் பக்கத்தில் குங்குமம் இருந்தால் இரண்டும் எடுப்பாகத் தெரிவதில்லையா, அதே காரணம்தான்.

மற்ற சாமான்களை நீட்டி முழக்க வேண்டியதில்லை. கிளிப் வைத்த அட்டை, மாஸ்கிங் டேப், ஈரத் துண்டு, பழைய பெயின்ட் பிரஷ் ஒன்று, குடை, தண்ணீர். பொடியை வாயால் ஊதாதீர்கள். சில நிறங்களில் உடம்புக்கு ஆகாத உலோகங்கள் உண்டு, ஊதினால் அது உங்கள் மூக்குக்கே திரும்பி வரும். அட்டையை நட்டமாகப் பிடித்துப் பின்னால் இரண்டு தட்டுத் தட்டினால் கீழே கொட்டிவிடும். கையைக் கழுவாமல் கட்டுச்சோற்றைத் திறக்காதீர்கள்.

குச்சிகளைக் கொட்டானில் பிரியுங்கள்

பெட்டியில் வந்தபடி நிற வரிசையில் வைத்திருந்தால் கை பழைய வழியிலேயே போகும். நான் மூன்று சின்னப் பனையோலைக் கொட்டான்களில் பிரித்து வைத்திருக்கிறேன். ஒன்றில் இருட்டு, ஒன்றில் நடுத்தரம், ஒன்றில் வெளிச்சம். நீலமும் பழுப்பும் ஊதாவும் ஒரே கொட்டானில் கிடக்கும். ஒரே அளவு இருட்டாக இருந்தால் போதும்.

எது எந்தக் கொட்டானுக்கு என்று சந்தேகம் வந்தால், எல்லாக் குச்சியாலும் ஒரு தாளில் சின்னச் சின்னப் பட்டை போட்டு, செல்போனில் கறுப்பு வெள்ளையாகப் படம் எடுத்துப் பாருங்கள். கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்த சிவப்பு, படத்தில் இருட்டுப் பக்கம் போய் உட்கார்ந்திருக்கும். எனக்கு அது பெரிய அதிர்ச்சி.

ஒன்றோடொன்று உரசி எல்லாக் குச்சியும் நாளடைவில் சாம்பல் நிறமாகிவிடும். எது எந்த நிறமென்றே தெரியாது. அதற்கு ஒரு கைவைத்தியம்: எவர்சில்வர் டப்பாவில் நாலு கைப்பிடி நொய்யரிசி போட்டு, குச்சிகளை உள்ளே விட்டு மெதுவாகக் குலுக்குங்கள். அழுக்கை நொய் வாங்கிக்கொள்ளும், குச்சி புதுசு மாதிரி வெளியே வரும். அந்த நொய்யைத் தனியாகப் பேர் எழுதி வையுங்கள். எங்கள் வீட்டில் ஒருமுறை அது கோழிக்குப் போகவிருந்து, நல்ல வேளையாக ஆச்சி நீல நிறத்தைப் பார்த்துக் கேட்டதால் தப்பியது.

எப்போது, எங்கே

காரைக்குடிப் பக்கம் சுமார் 10 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. அதனால் சித்திரை பிறக்கும் நாட்களில் நண்பகல் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலேயே நிற்கும். ஆவணியில் இன்னொரு முறை அப்படி. அந்த நேரம் பனைமரத்தின் நிழல் அதன் காலடியிலேயே சுருண்டு கிடக்கும். நிழல் இல்லையென்றால் மேடு பள்ளம் தெரியாது, படம் தட்டையாகிவிடும். வெயிலுக்குப் பயந்து மட்டும் சொல்லவில்லை. 10 மணிக்குள் முடியுங்கள், இல்லை 4 மணிக்கு மேல் போங்கள். ஒளி ஒரே மாதிரி நிற்பது அதிகம் போனால் ஒன்றரை மணி நேரம். அதற்குள் முடிகிற அளவுக்குத் தாளைச் சின்னதாக, ஏ4 அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

மாதம் என்றால் என் ஓட்டு மார்கழி, தை இரண்டுக்கும்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் நிரம்பியிருக்கும். காலையில் மெல்லிய பனிமூட்டம் தூரத்து மரங்களையெல்லாம் ஒரே சாம்பலாக்கி வேலையைப் பாதி குறைத்துக் கொடுக்கும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடைக்காது.

இடம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். குன்றக்குடிக் குன்றைத் தூரத்திலிருந்து, கண்மாய்க்கு இப்பால் நின்று பார்ப்பது முதல் படத்துக்குப் போதும். பாறை வரைய ஆசையென்றால் திருமயம். 1687ல் கட்டிய கோட்டை மேலே இருந்தாலும், அதை விட்டுவிட்டுக் கீழே உருண்டு கிடக்கும் பாறைகளைப் பாருங்கள். சாயங்கால வெயிலில் அந்தச் சாம்பல் பாறை ரோஸ் நிறத்துக்கு மாறும். திருப்பத்தூருக்குப் பக்கத்து வேட்டங்குடிக் கண்மாய்கள் பறவை வரும் மாதங்களில் அழகு. அந்தப் பறவைகளுக்காகவே சுற்றுவட்டத்து ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. நீங்களும் தள்ளி உட்கார்ந்து வரையுங்கள். படத்தில் பறவை என்பது மோர் நிறக் குச்சியின் ஒரு தொடுகைதானே.

கானாடுகாத்தான் வீடுகளையும் ஊருணிப் படிக்கட்டுகளையும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். முகப்பு, மாடம், செம்புறாங்கல் படி என்று நேர்கோடுகள் நிறைந்த இடம் அது. ஒரு கோடு சாய்ந்தாலும் வீடே சாய்ந்துவிடும். மரம் ஒரு விரல் சாய்ந்தால் யாரும் கேட்கப் போவதில்லை.

வரையத் தொடங்கலாம்

காட்சி இது: பின்னால் வானம், தூரத்தில் கண்மாய்க் கரையும் கருவேலங்காடும், கரைமேல் மூன்று பனை, நடுவில் தண்ணீர், முன்னால் செம்மண்.

முதலில் தீப்பெட்டி அளவில் ஒரு கட்டம் போட்டு, பென்சிலால் மூன்றே மூன்று அழுத்தத்தில் காட்சியைப் பிரியுங்கள். கண்ணைப் பாதி மூடிப் பார்த்தால் இலை, கிளை எல்லாம் மறைந்து திட்டுத்திட்டாகத் தெரியும். அந்தத் திட்டுகள்தான் படம். இதற்கு இரண்டு நிமிடம் ஆகும். இதை விட்டுவிட்டு நேராகத் தாளில் இறங்கிய என் படங்கள் எல்லாம் பழைய பேப்பர்க்காரருக்குப் போயின.

எது வெளிச்சம், எது இருட்டு என்று தடுமாறினால் ஒரு பொது வழக்கு உண்டு. வானம் எல்லாவற்றையும் விட வெளிச்சம். படுத்துக்கிடப்பது அடுத்தது, அதாவது தரை. சாய்ந்திருப்பது அதற்கடுத்தது: கண்மாய்க் கரையின் சரிவு, ஓட்டுக்கூரை. நிமிர்ந்து நிற்பது, அதாவது மரங்கள், எல்லாவற்றிலும் இருட்டு. இதற்கு விலக்கும் நம் ஊரிலேயே இருக்கிறது. சுண்ணாம்பு அடித்த சுவரில் நேர்வெயில் பட்டால் அது வானத்தையும் மிஞ்சும்.

அப்புறம் தாளில் பெரிய எல்லைகளை மட்டும் அடர் பழுப்பில் லேசாகக் குறித்துக்கொள்ளுங்கள். அடிவானத்தை நட்டநடுவில் போடாதீர்கள். மேலே மூன்றில் ஒரு பங்கு விட்டால் மண்ணுக்கு இடம் கிடைக்கும்.

இப்போது இருட்டுக் கொட்டான். மரத்திட்டு முழுவதையும் சாம்பல் ஊதாவாலும் அடர் பழுப்பாலும் பக்கவாட்டில் போட்டு நிரப்புங்கள். ஆமாம், மரத்துக்கு ஊதாதான். தண்ணீரில் விழும் மரநிழலுக்கும் அதுவே. கெட்டித் தாளாக இருந்தால் இந்தக் கட்டத்தில் மெடிக்கல் ஷாப் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைப் பிரஷ்ஷில் தொட்டு மேலே ஓட்டலாம். பொடி கரைந்து, சாயம் போலத் தாளில் இறங்கி, நிமிடத்தில் காய்ந்துவிடும். தாளின் பல்லும் அடைபடாது. பக்கத்தில் நெருப்பு இருக்கக் கூடாது, பீடி பற்றவைத்தபடி வேடிக்கை பார்க்க வருபவரையும் சேர்த்துத்தான்.

அடுத்து வானம். மேலிருந்து கீழாக வாருங்கள். உச்சியில் சாம்பல் நீலம், இறங்க இறங்க வெளிறிக்கொண்டே வந்து, அடிவானத்தில் மோர் நிறமும் சந்தனமும். கோடையில் நம் அடிவானத்தில் நீலமே இருக்காது, தூசியும் புழுக்கமும் சேர்ந்து வெந்த பால் நிறத்தில் கிடக்கும். படத்தில் விரலால் தேய்க்க நான் அனுமதிக்கும் ஒரே இடம் வானம். அதையும் ஒருமுறை தேய்த்துவிட்டு, மேலே தேய்க்காமல் ஒரு பூச்சு விடுங்கள்.

தூரத்துக் குன்று நாம் கிட்டே போய்ப் பார்த்த பாறை நிறத்தில் இருக்காது. நடுவில் இருக்கும் காற்று அதை நீலச் சாம்பலாக்கிவிடும். வானத்தைவிட ஒரே ஒரு படி இருட்டாகப் போடுங்கள், போதும். விளிம்பு மங்கலாக இருக்கட்டும்.

மண்ணுக்கு வந்தால் இங்கேதான் நிதானம் வேண்டும். செம்மண் எல்லா இடத்திலும் ஒரே சிவப்பு இல்லை. காலடியில் ஆரஞ்சு கலந்த காவி, பத்தடி தள்ளி வெளிறிய ரோஸ், கரையோரத்தில் சாம்பல் ஊதா. பெட்டியிலுள்ள பளிச் சிவப்பைத் தொடவே தொடாதீர்கள். முன்னால் மட்டும் அழுத்தி, உள்ளே போகப் போகக் கை தளர்ந்து தூவிவிடுங்கள். நிழல் விழுந்த மண்ணுக்குக் கறுப்பு எடுக்க வேண்டாம். அடர் காவியைப் போட்டு, அதன் மேல் சாம்பல் நீலத்தை எடையே இல்லாமல் ஒரு இழுப்பு இழுங்கள். நிழலுக்குள்ளும் மண் சிவப்பாகத் தெரியும், மேலே வானத்தின் நீலமும் படிந்திருக்கும். காலையில் ஒரு நிழலை உற்றுப் பாருங்கள், அப்படித்தான் இருக்கும்.

தண்ணீரில்தான் நான் அந்தப் பெரியவரிடம் மாட்டினேன். கலங்கல் தண்ணீர் வானத்தைப் பாதிதான் காட்டும், மீதி அதன் சேற்று நிறம். தூரத்தில் வானம் அதிகம், கிட்டத்தில் சேறு அதிகம். முதலில் மஞ்சள் காவியும் சாம்பலும் கலந்த ஒரு பூச்சு, அதன் மேல் வானத்துக்கு எடுத்த அதே குச்சிகள். மரத்தின் பிம்பத்தை மேலிருந்து கீழாக நேராக இழுங்கள். இருட்டு மரம் தண்ணீரில் கொஞ்சம் வெளிறும், வெளிச்ச வானம் தண்ணீரில் கொஞ்சம் மங்கும். கடைசியில் வெளிச்சக் குச்சியின் விளிம்பால் குறுக்கே ஒரே ஒரு கோடு. அந்த ஒரு கோட்டில் தண்ணீர் படுத்துவிடும். அழகாக இருக்கிறதே என்று நாலு கோடு போட்டால் சிமென்ட் தளம் ஆகிவிடும்.

பனையும் பச்சையும்

பனையைக் கோடு போட்டு வரையாதீர்கள். சுண்டுவிரல் நக அளவு துண்டை எடுத்து, பக்கவாட்டில் வைத்து, மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக அழுத்தி இறக்குங்கள். அடியில் சற்றுப் பருத்திருக்கும். அடிமரத்தின் ஒரு பக்கத்தில் காவியைத் தொட்டு வையுங்கள், வெயில் பட்ட செம்மண்ணின் சாயல் மேலே ஏறியிருக்கும். உச்சியை முதலில் ஒரு இருட்டு உருண்டையாகப் போட்டு, பிறகு விளிம்பில் மட்டும் விசிறி மடிப்புகளைக் குச்சி முனையால் காட்டுங்கள். காவோலை விழக் குருத்தோலை சிரிப்பது இருக்கட்டும், வரைகிறவருக்குக் காவோலைதான் முக்கியம். கழுத்தைச் சுற்றிப் பழுப்பாகத் தொங்கும் அந்த ஓலைகள் இல்லாவிட்டால் நம் பனை எங்கேயோ கடற்கரை ரிசார்ட்டில் நிற்கும் மரம் போலாகிவிடும். மூன்று பனையும் ஒரே உயரத்தில், ஒரே இடைவெளியில் நிற்கக் கூடாது. இரண்டு ஒட்டி நிற்கட்டும், ஒன்று விலகட்டும்.

கருவேலங்காட்டுக்கு இலை வரைய முயன்றால் பைத்தியம் பிடிக்கும். அது புகை மாதிரியான மரம். ஊதாத் திட்டு ஏற்கெனவே இருக்கிறது. இப்போதுதான் பச்சை எடுக்கிறோம், அதுவும் அழுக்குப் பச்சை, சாம்பல் பச்சை. வெயில் படும் பக்கத்தில், மேல்விளிம்பில் மட்டும், குச்சியைத் தாளில் படுக்க வைத்துப் பூனை நடப்பது போலத் தூவுங்கள். நடுவே அடியிலுள்ள ஊதாவும் தாளின் காவியும் தெரியட்டும். பச்சை போதவில்லை என்று தோன்றினால் பச்சையைக் கூட்டாமல் சாம்பல் நீலத்தைக் கொஞ்சம் தூவி, அதன் மேல் மஞ்சள் காவியைத் தூவிப் பாருங்கள். சாம்பல் நீலத்தின் மேல் விழும் மஞ்சள் காவி கண்ணுக்குப் பச்சையாகவே தெரியும். பெட்டியிலுள்ள எந்தப் பச்சையையும் விட அது நம் ஊர்ப் பச்சைக்கு நெருக்கம்.

மரத்துக்குள் வானம் தெரியும் ஓட்டைகளுக்கு வானக் குச்சியை அப்படியே எடுக்காதீர்கள். ஒரு படி மங்கலான நிறத்தை எடுங்கள். இல்லாவிட்டால் மரத்தில் சீரியல் லைட் போட்டது போல மின்னும்.

கை தவறினால்

ஒரே இடத்தில் ஐந்தாறு பூச்சுக்குமேல் போனால் தாளின் பல் அடைந்து, பொடி ஒட்டாமல் வழுக்கும். விடாமல் அழுத்தினால் இன்னும் மோசமாகும். காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் அந்த இடத்தைத் தட்டி உதிர்த்துவிட்டுத் திரும்பப் போடுங்கள். பேஸ்டலில் எனக்கு ரொம்பப் பிடித்தது இந்த மன்னிப்புதான். வாட்டர்கலர் இவ்வளவு தாராளம் காட்டாது.

புதியவர்கள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் செய்வது, எல்லாவற்றையும் விரலால் தேய்த்து மாவு பிசைந்துவிடுவது. தேய்க்கத் தேய்க்க நிறம் செத்து, படம் முழுக்க ஒரே வழவழப்பு. உதிரியாக இருக்க வேண்டிய பொங்கல் களி ஆனது போல. விரல் துறுதுறுவென்று வந்தால் கையில் ஈரத் துண்டைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

படம் சேறாகிவிட்டதாகத் தோன்றினால் பெரும்பாலும் பிரச்சினை நிறத்தில் இருக்காது. செல்போனில் கறுப்பு வெள்ளையாக எடுத்துப் பாருங்கள். மரமும் மண்ணும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால், மரத்தை இருட்டாக்குங்கள், சரியாகிவிடும்.

வீட்டுக்குக் கொண்டுபோவதும் சட்டம் போடுவதும்

பேஸ்டல் காய்வதில்லை. எத்தனை வருடம் ஆனாலும் விரல் பட்டால் ஒட்டிக்கொள்ளும். அதனால் மேலே பட்டர் பேப்பரை வைத்து, நாலு ஓரமும் டேப் ஒட்டி, இரண்டு அட்டைக்கு நடுவில் கட்டி எடுத்துப் போங்கள். பஸ்ஸில் மடியில் படுக்க வையுங்கள். பொடியைத் தாளில் பிடித்துவைக்க ஃபிக்ஸேட்டிவ் என்ற தெளிப்பான் கிடைக்கிறதுதான், ஆனால் அது வெளிச்ச நிறங்களைக் குடித்துப் படத்தை ஒரு படி இருட்டாக்கிவிடும். நடுப் பூச்சுகளுக்கு வேண்டுமானால் தூரத்தில் பிடித்து லேசாக அடித்து, கடைசி வெளிச்சங்களை அதன்பின் போடுங்கள். முடிந்த படத்துக்கு நான் அடிப்பதில்லை. தலைமுடி ஸ்பிரே அடிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், செய்யாதீர்கள்.

கண்ணாடி படத்தைத் தொடக் கூடாது. ஓரத்தில் கெட்டியான மவுன்ட் அட்டை வைத்தோ, உள்ளே மெல்லிய மரச்சட்டம் கொடுத்தோ இடைவெளி விட வேண்டும். அக்ரிலிக் ஷீட்டும் வேண்டாம், அதைத் துடைக்கும்போது உண்டாகும் மின்னேற்றம் பொடியைத் தாளிலிருந்து இழுத்துவிடும். சட்டம் போடுகிறவரிடம் இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நான் ஒருமுறை சொல்லாமல் கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் போனபோது, "படத்துல ஒரே தூசியா இருந்துச்சு சார், சுத்தமாத் துடைச்சுட்டேன்" என்று பெருமையாக நீட்டினார். வானம் இருந்த இடத்தில் துணித் தடம் மட்டும் இருந்தது. அவர் மேல் என்ன தப்பு? நியாயமாகப் பார்த்தால் அது தூசிதானே.

இப்போது காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகளுக்குள் நுழைந்து, யாரோ வீட்டுத் தாத்தா படம் இருந்த தேக்குச் சட்டங்களைத் தேடி எடுக்கிறேன். பேரம் பேச வேண்டும், அது தனிக் கலை. பழைய சட்டங்கள் ஆழமாக இருப்பதால் இடைவெளி விட வசதி. படத்தை அதன் அளவுக்கு வரைந்துகொள்ள வேண்டியதுதான்.

மாட்டும் இடம் வெயில் நேராக விழாத உள்சுவராக இருக்கட்டும். மழைக்காலத்தில் ஓதம் ஏறும் சுவர் வேண்டவே வேண்டாம், பூஞ்சணம் முதலில் இருட்டு நிறங்களின் மேல் வெள்ளைப் புள்ளியாக வந்து நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாரம் ஒருமுறை சட்டத்தைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். என்னுடைய கண்மாய்ப் படத்துக்குப் பின்னால் இப்போது இரண்டு பல்லி முட்டைகள் இருக்கின்றன. அவை பொரிக்கிற வரை அதை எடுப்பதாக இல்லை.